தண்ணியை நிறுத்தத் தெரிஞ்சாதான் மாமரம் காய்க்கும்

"மரம் தழதழன்னு நிக்குது, பூ மட்டும் வரலைக்கா"ன்னு வர்றவங்ககிட்ட, என்ன உரம் வெச்சேன்னு நான் கேக்கிறதில்லை. கார்த்திகையில தண்ணி ஊத்தினியான்னுதான் கேப்பேன். முக்காவாசிப் பேர், "ஒரு நாள் விடாம ஊத்துறேன்க்கா"ன்னு பெருமையா சொல்வாங்க. வினையே அங்கேதான். மல்லிக்கும் ரோஜாவுக்கும் ஊத்துற கையோட மாமரத்துக்கும் பைப்பைத் திருப்பிவிடுற பழக்கத்தை முதல்ல நிறுத்து. மாமரத்துக்கு எப்போ ஊத்தணும்னு தெரியலைன்னாகூட சமாளிச்சுக்கலாம். எப்போ ஊத்தக் கூடாதுன்னு தெரியலைன்னா வருஷம் பூரா இலை கூட்டிப் பெருக்குற வேலைதான் மிஞ்சும்.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஓடுற உனக்கு இதுல ஒரு வசதியும் இருக்கு. காய்ப்புக்கு வந்த மரத்துக்கு வருஷத்துல பாதி நாள் நீ ஒண்ணுமே செய்ய வேணாம். சும்மா இருக்கத்தான் மனசு வராது உனக்கு.

நான் சொல்ற மாசக் கணக்கு தமிழ்நாட்டுச் சமவெளி ஊர்களுக்கு. கன்னியாகுமரிப் பக்கம் ரெண்டு பருவமழையும் கிடைக்கிறதால, அங்கே சீசன் இல்லாத காலத்துலயும் மா பூக்கும். அந்தப் பக்கத்து ஆளா இருந்தா மாசத்தை விட்டுட்டு மரத்தைப் பார்த்து நட.

1. மரத்தோட வயசைச் சொல்லு, அப்புறம் பேசலாம்

மூணு வயசுக்குள்ள இருக்கிற கன்னுக்கும் காய்க்கிற மரத்துக்கும் சட்டம் வேற வேற. இதைக் குழப்பிக்கிட்டு, நட்டு ஆறு மாசமான கன்னுக்கு "பூக்கிறதுக்காக" தண்ணியை நிறுத்திக் கருக வெச்சவங்களை எனக்குத் தெரியும். அப்படிப் பண்ணாதே.

• நட்ட முதல் மாசம்: ஒரு நாள் விட்டு ஒரு நாள், அஞ்சு லிட்டர் போதும். மழை பெய்ஞ்சா அதுவும் வேணாம்.
• முதல் வருஷம்: வாரத்துக்கு ரெண்டு தடவை, தடவைக்கு 10 லிட்டர். கத்தரி வெயில் கொளுத்தும்போது மூணு தடவை.
• ரெண்டாவது, மூணாவது வருஷம்: வாரத்துக்கு ஒரு தடவை 20 லிட்டர் கேன் ஒண்ணு, கோடையில ரெண்டு.
• இந்த மூணு வருஷத்துல பூ வந்தா கிள்ளிப் போட்டுடு. வயிறு எரியும்னு தெரியும். ஆனா வேரும் கிளையும் பிடிக்க வேண்டிய வயசுல காய் சுமந்தா மரம் சவலையாப் போயிடும்.
• ஒட்டுக்கன்னா இருந்தா ஒட்டுக் கட்டின இடம் மண்ணுக்கு மேலேயே இருக்கணும். தண்ணி ஊத்த ஊத்த மண்ணு இறங்கும், நீ திரும்ப மண்ணு அணைப்பே, ஒரு நாள் ஒட்டு புதைஞ்சு போயிருக்கும். மாசம் ஒரு தடவை குனிஞ்சு பாரு. ஒட்டுக்குக் கீழே இருந்து துளிர் வந்தா அது நீ காசு கொடுத்து வாங்கின ரகம் இல்லை, உடனே கிள்ளு.

2. தூர்ல ஊத்தாதே, தூர்ல ஊத்தாதே

ரெண்டு தடவை சொல்லியாச்சு. தண்ணியை உறிஞ்சுற மெல்லிசு வேரெல்லாம் கிளை விரிஞ்சிருக்கிற ஓரத்துக்கு நேர் கீழே, மேல்மண்ணுலதான் பரவிக்கிடக்கும். தூரை ஒட்டி இருக்கிறதெல்லாம் மரத்தைத் தாங்குற தடி வேர். அங்கே கொண்டுபோய்த் தண்ணியைக் கொட்டுறது, பசிக்கிறவனுக்கு வாயில ஊட்டாம வயித்து மேல சோத்தை அப்புற மாதிரி. அதோட நிக்காது. தூர் எந்நேரமும் ஈரமா இருந்தா பட்டை அழுகும், பிசின் வடியும், அப்புறம் மருந்துக்கு அலையணும்.

நடு மத்தியானம் சூரியன் உச்சியில இருக்கும்போது மர நிழல் எங்கே முடியுதுன்னு பாரு. அந்த விளிம்பை ஒட்டி, உள்பக்கமா ஒண்ணரை அடி அகலத்துக்கு வட்டமா வாய்க்கால் மாதிரி பாத்தி எடு. ஆழம் அரை அடிக்குமேல வேணாம், மேல்வேரை வெட்டிடுவே. தூரைச் சுத்தி மண்ணை லேசா மேடாக்கி விட்டுட்டா தண்ணி உள்ளே ஓடி வராது. மரம் வளர வளரப் பாத்தியும் வெளியே நகரணும். நட்ட வருஷம் எடுத்த பாத்தியிலேயே பத்து வருஷமா ஊத்திக்கிட்டு இருக்கிறவங்க எத்தனையோ பேர்.

தூரைச் சுத்தி சிமென்ட் மேடை கட்டி டைல்ஸ் ஒட்டியிருக்கேன்னு மட்டும் சொல்லிடாதே. உக்கார்ந்து காபி குடிக்க நல்லாத்தான் இருக்கும், மழைத்தண்ணி எந்த வழியா வேருக்குப் போகும்? ஏற்கெனவே கட்டியாச்சுன்னா மேடைக்கு வெளியே இருக்கிற மண்ணையாவது மூடாம விடு.

3. அளவு தெரிய அஞ்சு நிமிஷக் குறுக்குவழி

"பைப்பைப் போட்டுட்டு சீரியல் பார்த்தேன், ஒரு அரை மணி நேரம் ஓடியிருக்கும்" இதெல்லாம் ஒரு அளவா? 20 லிட்டர் கேனை எடு, உன் வீட்டு ஹோஸைப் போடு, நிரம்ப எவ்வளவு நேரமாகுதுன்னு போன்ல பாரு. ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னா நிமிஷத்துக்கு 10 லிட்டர். இனிமே எத்தனை லிட்டர் வேணுமோ அத்தனைக்கு அலாரம் வெச்சுட்டு உன் வேலையைப் பாரு.

நாலஞ்சு வயசு மரத்துக்குத் தடவைக்கு 80லேருந்து 100 லிட்டர். நல்லா விரிஞ்சு பதினைஞ்சு அடிக்கு நிக்கிற காய்ப்பு மரத்துக்கு மொட்டைமாடி ஆயிரம் லிட்டர் டேங்க்ல பாதியாவது போகணும். ஆனா பத்துப் பன்னெண்டு நாளைக்கு ஒரு தடவை போதும், அதுவும் காய் நிக்கிற காலத்துல. தினம் ஒரு குடம் ஊத்துறது இருக்கே, அதுல மேலே ரெண்டு அங்குலம் மட்டும் நனையும், வேரும் மேலேயே சோம்பேறியா சுத்தும், நீ ஒரு வாரம் ஊருக்குப் போனா இலை சுருண்டுடும்.

மணலா இருக்கிற கடற்கரைப் பக்கத்து ஊரா? அளவைப் பாதியாக்கி, இடைவெளியையும் பாதியாக்கு. கரிசல், களிமண்ணா? இடைவெளியை நீட்டு. இருபது முப்பது வருஷமா பின்கட்டுல தானா நிக்கிற கிழட்டு மரத்துக்கு வேர் எங்கெங்கேயோ போயிருக்கும். அதுக்குப் பிஞ்சுக் காலத்துல ரெண்டு மூணு தடவை கொடுத்தாலே அதிகம்.

மழைக்கும் ஒரு கணக்கு வெச்சுக்கோ. ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். நேரா நிக்கிற எவர்சில்வர் டப்பா ஒண்ணை வெட்டவெளியில வெச்சுட்டு, மழை விட்டதும் பிள்ளையோட ஸ்கேலால அள. ரெண்டரை சென்டிமீட்டர் நின்னுதுன்னா அந்தத் தடவை தண்ணி வேணாம்.

4. மண்ணைத் தொட்டுப் பாரு, இலையை நம்பாதே

மத்தியானம் ரெண்டு மணிக்கு இலை தொங்கினா பதறி ஓடாதே. அந்த வெயிலுக்கு எல்லா மரமும் கொஞ்சம் வாடும், சாயங்காலம் நிமிர்ந்துடும். காலையில ஏழு மணிக்கும் தொங்கிக்கிட்டு இருந்தாதான் மண்ணைப் பாரு. பாத்தியில ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துக் கையில பிடி. உருண்டை பிடிச்சு நின்னா இன்னும் ஈரம் இருக்கு, போய் வேற வேலையைப் பாரு. பிடிக்கப் பிடிக்க உதிர்ந்தா ஊத்து.

மண்ணு சொதசொதன்னு இருந்தும் இலை தொங்குதா, மஞ்சளாகுதா? அது தாகம் இல்லை, வேருக்கு மூச்சு முட்டுது. அதுக்கு மேல இன்னொரு குடம் ஊத்தாதே, உனக்குப் புண்ணியமாப் போகும். இன்னொண்ணு, மாமரத்துப் புதுத் துளிர் செம்பு நிறமா, தொங்கலாத்தான் வரும். அது நோய் இல்லை.

5. ஐப்பசிலேருந்து தை வரைக்கும் கையைக் கட்டிக்கோ

இதுதான் நான் உன்னை உக்கார வெச்சுச் சொல்ல வந்த விஷயம். மத்ததை மறந்தாலும் இதை மறக்காதே.

மாமரத்துக் கிளை நுனியில இருக்கிற மொட்டு, ஒண்ணு இலையா வரும், இல்லைன்னா பூவா வரும். எதுன்னு முடிவாகிறது மழைக்கால முடிவுலயும் மார்கழிக் குளிர்லயும்தான். கிளை முத்தியிருக்கணும், ராத்திரி குளிரணும், மண்ணு காய்ஞ்சிருக்கணும். மூணும் சேர்ந்தா மரம் வளர்றதை நிறுத்திட்டுப் பூவுக்குத் தயாராகும். நீ அந்த நேரத்துல பைப்பைத் திறந்து விட்டா, அதுக்கென்ன, திரும்பத் துளிர் விட ஆரம்பிச்சுடும். கார்த்திகை, மார்கழியில துளிர் விட்ட கிளை அந்த வருஷம் பூக்கிறது சந்தேகம்தான்.

அதனால ஐப்பசி பிறந்ததும் காய்ப்பு மரத்துக்குத் தண்ணி கட். வானத்துலேருந்து கொட்டுறதை நீ நிறுத்த முடியாது, சரி. நீ செய்ய வேண்டியது அது நிக்காம ஓடுறதுக்கு வழி பண்றது. பாத்திக் கரையை ஒரு பக்கம் வெட்டிவிடு. ரெண்டு நாளுக்கு மேல பாத்தியில தண்ணி தேங்கவே கூடாது.

"நான் நிறுத்திட்டேன்க்கா, அப்படியும் பூக்கலை"ன்னு சொல்றியா? அப்போ களவாத் தண்ணி எங்கேயிருந்து போகுதுன்னு தேடு. இதோ, வீட்டுக்கு வீடு இருக்கிற களவாணிகள்:

• சமையலறைத் தண்ணி, துணி துவைக்கிற கல்லுத் தண்ணி மரத்தடியில விழும்.
• மரத்தடி பைப் சொட்டிக்கிட்டே இருக்கும். வாஷர் மாத்த ஒரு வருஷமா நேரம் கிடைக்கலை உனக்கு.
• பாத்திக்குள்ளேயே வாழை, மல்லி, கறிவேப்பிலை. அதுங்களுக்கு ஊத்துறது மாமரத்துக்கும் ஊத்துறதுதான். தள்ளி நடு. வெச்சது வெச்சாச்சுன்னா, அதுங்களுக்கு மட்டும் சின்னக் குவளையால ஊத்து.
• மொட்டைமாடி மழைநீர்க் குழாய். 2003ல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினப்போ, தனியா குழி வெட்டச் சோம்பல்பட்டு மாமரப் பாத்தியிலேயே குழாயை இறக்கி விட்டவங்க உண்டு. மொத்த மாடித் தண்ணியும் ஐப்பசி, கார்த்திகையில ஒரே மரத்தடியில! குழாயைத் திருப்பி விடு.
• பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போவியே, "செடிக்கெல்லாம் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க"ன்னு. பாசமா மாமரத்துக்கும் ரெண்டு பக்கெட் ஊத்தி வெச்சிருப்பாங்க. மாமரத்தை விட்டுடச் சொல்லிட்டுப் போ.

அரிசி கழுவின தண்ணி, பருப்புத் தண்ணியெல்லாம் சத்துன்னு ஊத்துவே. ஊத்து, வேற மாசத்துல. கார்த்திகையில அதுவும் தண்ணிதான்.

இவ்வளவும் பார்த்துட்டேன்னு சொன்னா, ரகம் என்னன்னு பாரு. பங்கனபள்ளி, அல்போன்சா எல்லாம் ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்துட்டு அடுத்த வருஷம் ஓய்வெடுக்கிற ஜாதி. நீலமும் பெங்களூராவும் அப்படியில்லை, வருஷா வருஷம் காய்க்கும். போன வருஷம் கூடை கூடையா பறிச்ச பங்கனபள்ளி இந்த வருஷம் சும்மா நின்னா, தண்ணி மேல பழி போடாதே. நர்சரியில பூக்க வைக்கிற மருந்துன்னு ஏதாவது கொடுத்தா வீட்டு மரத்துக்கு வாங்கி வராதே. தோட்டக்காரங்க அளவு தெரிஞ்சு போடுறது அது. கைக்கு வந்தபடி ஊத்தினா கொழுந்தெல்லாம் குட்டையாச் சுருங்கி மரமே முடங்கிடும்.

6. பூத்திருக்கும்போது

இன்னும் ஊத்தாதே. பூவைப் பார்த்த சந்தோஷத்துல பாத்தியை நிரப்புறவங்கதான் அதிகம். பட்டாணி அளவுக்குப் பிஞ்சு பிடிக்கிற வரைக்கும் பொறு. தூசி போகட்டும்னு ஹோஸைப் பூ மேல பீய்ச்சுறதும் கூடாது. மகரந்தம் கழுவிட்டுப் போயிடும், ஈரத்துல கருகல் நோய் வரும். மாம்பூவுக்கு ஈதான் தரகர், அதுங்க வந்து உக்கார்ந்தா விரட்டாதே. இலையில பிசுபிசுன்னு தேன் மாதிரி ஒட்டினா தத்துப்பூச்சி வந்திருக்கு, அதை மட்டும் கவனி.

7. பிஞ்சு பிடிச்சப்புறம் ஏமாத்தாதே

இத்தனை நாள் பட்டினி போட்ட நீ, இப்போ நேரம் தவறாமப் பரிமாறணும். பொதுவா மாசி மாசம் பட்டாணி அளவு வந்திருக்கும். முதல் தடவை வழக்கமான அளவுல பாதி மட்டும் கொடு. காய்ஞ்சு கிடந்த மண்ணுல திடீர்னு வெள்ளம் விட்டா, இருக்கிற பிஞ்சையும் உதிர்த்துடும். அடுத்த வாரத்துலேருந்து முழு அளவு, பத்துப் பன்னெண்டு நாளைக்கு ஒரு தடவை. பங்குனி, சித்திரையில செம்மண்ணா இருந்தா எட்டு நாளைக்கு ஒரு தடவை.

பிஞ்சு பிடிச்ச முதல் ஒண்ணரை மாசம் ரொம்ப முக்கியம். காயோட பருமன் அப்போதான் முடிவாகும். அந்த நேரத்துல ஒரு தடவை விட்டுட்டு, அப்புறம் சித்திரையில ரெண்டு மடங்கா ஊத்தினா கணக்கு நேராகாது. அப்படிக் காயவிட்டுக் காயவிட்டு வெள்ளம் விடுறதாலதான் காய் வெடிக்குது. இடைவெளி மாறாம இருக்கணும், அதான் வேணும்.

பிஞ்சு உதிர்றதைப் பார்த்து அழாதே. ஒரு பூங்கொத்துல ஆயிரத்துக்கு மேல பூ இருக்கும், பெரும்பாலும் ஆண் பூ. கொத்துக்கு ஒண்ணு ரெண்டு காய் நின்னாலே நல்ல காய்ப்பு. உதிர்ந்ததைப் பொறுக்கி மாவடு போடு. ஆனா கோலிக்குண்டைத் தாண்டி எலுமிச்சை அளவு வந்தப்புறமும் கொட்டுச்சுன்னா மண்ணைத் தோண்டிப் பாரு, பெரும்பாலும் வறட்சியாத்தான் இருக்கும்.

ஊத்துற நேரம் விடியக்காலை, இல்லைன்னா வெயில் சாய்ஞ்சப்புறம். மொட்டைமாடி டேங்க்லேருந்து மத்தியானம் திறந்துவிடாதே, குழாய்ல வர்ற முதல் தண்ணி கையைச் சுடும்.

8. மூடாக்குப் போட்டா உன் வேலை பாதி

மாசியில முதல் தண்ணி விட்டதும் பாத்தியில காய்ஞ்ச இலை, தேங்காய் மட்டை, கரும்புச் சோகை எது கிடைக்குதோ அதை நாலு விரல்கட்டை உயரத்துக்குப் பரப்பு. மாவிலைச் சருகையே பரப்பலாம், கூட்டி அள்ளித் தீ வைக்காதே. ஈரம் கூடுதலா நாலஞ்சு நாள் நிக்கும். தூரை ஒட்டி ஒரு அடிக்கு மூடாக்கு வேணாம், கரையான் ஏறும். ஐப்பசி வந்ததும் இதை விலக்கிவிடு, அப்போ மண்ணு காயணும்ல.

9. என்ன தண்ணி ஊத்துறே?

சென்னையில போர் தண்ணி உப்பா இருக்கிற வீடுகள்ல இலை ஓரமெல்லாம் தீஞ்சு போன மாதிரி பழுப்பாகும். மாமரத்துக்கு உப்பு ஆகாது. உப்புத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தினமும் தெளிச்சா உப்பெல்லாம் மேல்மண்ணுலேயே தங்கும். இடைவெளி விட்டு நிறைய விட்டா கொஞ்சமாவது கீழே இறங்கிப் போகும். மிச்சத்தை வடகிழக்கு மழை அலசிவிடும்.

ஆர்.ஓ. மெஷின் கழிக்கிற தண்ணி வீணாகுதேன்னு மரத்துக்கு விடுறவங்க கவனிக்கணும். வடிகட்டின உப்பெல்லாம் அதுலதான் இருக்கு. தரை துடைக்க வெச்சுக்கோ. வாஷிங் மெஷின் சோப்புத் தண்ணியும் வேணாம். ஏ.சி. தண்ணி தாராளமா ஊத்தலாம், அதுல உப்பே இல்லை.

10. பறிக்கிறதுக்கு முன்னால, பறிச்சப்புறம்

காம்புப் பக்கம் காயோட தோள் உப்பி மேலே எழும்பினா முத்திடுச்சுன்னு அர்த்தம். அப்போலேருந்து தண்ணி வேணாம். பறிக்கிறதுக்குப் பத்து நாள் முன்னாடியே நிறுத்திடு, இல்லைன்னா பழம் சப்புன்னு இருக்கும்.

பறிச்சு முடிச்சதும் மரத்தைத் திரும்பிப் பாக்காம விடுறது பெரிய தப்பு. ஆனி, ஆடியில வர்ற துளிர்தான் முத்தி அடுத்த வருஷம் பூ தாங்கப் போற கிளை. காய்ஞ்ச குச்சியைக் கழிச்சுவிட்டு, நல்லா ஒரு தண்ணி கொடு. ஆடிக் காத்து மண்ணைச் சீக்கிரம் உலர்த்திடும், பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை பாரு. ஆவணி, புரட்டாசியில சேலம், தர்மபுரிப் பக்கம் இடிமழை பிடிச்சுக்கும், அங்கே மழை அளக்க வெச்ச டப்பாவைப் பார்த்து முடிவு பண்ணு. வருஷத்து எருவையும் உரத்தையும் புரட்டாசியில, தூரை விட்டு ரெண்டு மூணு அடி தள்ளி வெச்சு, ஒரு தண்ணி விடு. அதுதான் கடைசித் தண்ணி.

11. மாடியில டிரம்ல வெச்சிருக்கியா?

மேலே சொன்ன அளவு எதுவும் உனக்குப் பொருந்தாது. டிரம் மண்ணு சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் காயும். கோடையில தினமும் காலையில, அடியில இருக்கிற ஓட்டை வழியா லேசா கசியிற வரைக்கும் ஊத்து. ஐப்பசிக்கப்புறம் சுத்தமா நிறுத்தினா செத்துடும். மேல்மண்ணு ரெண்டு அங்குலம் காய்ஞ்சப்புறம் ஒரு சொம்பு, அவ்வளவுதான். அடித்தட்டு வெச்சிருந்தா மழைக்காலத்துல எடுத்துடு. ஓட்டை அடைச்சிருக்கான்னு ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாரு, அதையும் மழை வர்றதுக்கு முன்னாடியே செய். நனைஞ்ச டிரம்மை அப்புறம் சாய்க்க உன்னால முடியாது.